அப்பா தூங்கும் அறையில் ஒரு ரேடியேட்டர்

தமிழரசன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டான். "என்னம்மா இது, வீட்டுக்குள்ளயே அறுவடை மெஷின விட்டுட்டீங்களா?"

வெளியே வயலிலும் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாசி பிறந்துவிட்டது. குடமுருட்டி ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிந்தி நட்ட சம்பாவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவன் கேட்டது முன்னறையில், அப்பாவின் கட்டிலுக்கு எதிரே மேசைக்கு அடியில் இருந்த தங்கை வானதியின் கம்ப்யூட்டரைப் பற்றி. திருச்சியிலிருந்து அப்பாவைப் பார்க்க வந்திருந்தான். அவன் குழாயடியில் கால் கழுவி உள்ளே வருவதற்குள் சத்தம் தானாக அடங்கிவிட்டது. அப்பா பஞ்சநதம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மத்தியானத் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்த முகம். ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது.

"பாத்தியா? டாக்டர் என்ன சொன்னாரு? மத்தியானம் நல்லா தூங்கணும், படபடப்பு ஆகக் கூடாதுன்னாரா இல்லியா? இந்தச் சத்தத்துல செத்தவன்கூட எழுந்து உக்காந்துடுவான்," என்றான் தமிழரசன் வானதியிடம்.

"வாயக் கழுவுடா," என்றாள் அம்மா.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா," என்றார் அப்பா. "சத்தமெல்லாம் ஒண்ணும் பண்ணல."

அதை யாரும் நம்பவில்லை. வானதியும் நம்பவில்லை. அவள் முதல் முதலாகச் சுட்டுக் கருக்கிய தோசையைக்கூட, முறுகலாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டவர் அவர்.

தமிழரசன் காபியைக் குடித்து முடித்துத் தன் முடிவைச் சொன்னான். பங்குனி பிறந்ததும் மறுபடி வருவான். அதற்குள் இந்தப் பெட்டி வாயை மூட வேண்டும். இல்லையென்றால் அப்பாவைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவான். "எங்க வீட்டுல பின்னாடி ரூம் சும்மாதான் கெடக்கு. பல்லி கத்துனா கேக்கும், அவ்வளவு அமைதி."

அவன் சொன்னது மிரட்டல் இல்லை, அக்கறைதான். அதனால் வானதிக்குப் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அப்பா போனால் அம்மாவும் போவாள். வீட்டைப் பூட்டுவார்கள். அவள் மறுபடியும் சென்னையில், நான்கு பேர் படுக்கும் விடுதி அறைக்குப் போக வேண்டும். அப்பாவின் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது, இனி ஊரிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வந்த மகளே அவரைத் தூங்கவிடாமல் செய்கிறாள் என்றால், அவள் வந்ததற்கு என்ன அர்த்தம்?

வேறு இடத்தில் வைக்கலாமே என்றால் இடம் இல்லை. பின்னறை முழுக்கக் குத்தகை நெல் மூட்டை. அங்கே கொஞ்ச நேரம் நின்றாலே நெல்லின் சுணை பட்டுக் கழுத்தெல்லாம் அரிக்கும். காற்றோட்டமும் இன்டர்நெட் வயரும் குளியலறை வாசலும் சேர்ந்து இருந்தது முன்னறையில்தான். நோயாளியும் கம்ப்யூட்டரும் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

அவள் வேலை, இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போலப் படமாகக் காட்டுவது. கண்ணாடியில் விழும் வெயில், தரையில் விழும் நிழல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு உருவாக்கும். வேலையை ஏவிவிட்டு அவள் சமையலறைக்கோ கொல்லைக்கோ போய்விடுவாள். அது பாட்டுக்கு ஓடும், சூடாகும். அந்தச் சூட்டை உள்ளே குழாயில் சுற்றும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கிய ஒரு ரேடியேட்டரில் விடும். ரேடியேட்டரைக் குளிர வைக்க மூன்று விசிறிகள். தூசு வராமல் சலித்து வெளிக்காற்றை உள்ளே இழுக்க முன்பக்கம் இரண்டு. சத்தமெல்லாம் இந்த ஐந்தும் போடுவதுதான்.

மறுநாள் ஒரு விசிறியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள்.

கீழவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மீரா உசேன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் மின்வயரைச் செருகினார். விசிறி சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி ஒளிர்ந்தது.

"என்னம்மா, கல்யாண வீட்டுக்கு சீரியல் செட்டு போடப் போறியா?"

"ஆன்லைன்ல வாங்குனது பாய். இருக்கறதுலயே காத்து அதிகமா தள்ளுறது இதுதான்னு போட்டிருந்துச்சு."

"போட்டிருப்பான். பொய் இல்ல." அவர் ஒரு துண்டுக் காகிதத்தை விசிறிக்கு முன்னால் பிடித்தார். காகிதம் பட்டென்று பறந்து கடைக்கு வெளியே போய் விழுந்தது. பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய ரேடியேட்டரை எடுத்து விசிறிக்கு முன்னால் ஒட்டி வைத்து, வேறு காகிதத்தை மறுபக்கம் பிடித்தார். விசிறி 'ஙொய்' என்று கத்தியது. காகிதம் சும்மா அசைந்தது.

அடுத்து இன்னொரு விசிறியை எடுத்தார். விளக்கு இல்லை. சாம்பல் நிறம். இறக்கைகள் அகலமாக, இடைவெளியே இல்லாமல் நெருக்கி இருந்தன. வெறும் வெளியில் அதன் காற்று சுமாராகத்தான் இருந்தது. ரேடியேட்டரை முன்னால் வைத்ததும் காகிதம் எழும்பி நின்றது. சத்தம் அதிகம் மாறவில்லை.

"அட்டையில போட்டிருக்கற கணக்கெல்லாம் முன்னாடி ஒண்ணுமே இல்லாதப்ப எடுத்தது. உன் பொட்டியில முன்னாடி சல்லடை, மேல ரேடியேட்டர். ரெண்டு மதகு. காத்து எவ்வளவு போவுதுன்னு பாக்காத. மறிச்சா எவ்வளவு தள்ளுதுன்னு பாரு. தள்ள முடியாதது வேகமா சுத்தும், வேகமா சுத்துனா கத்தும். வீடு எங்கம்மா?"

"திருவையாறு தாண்டி. நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிர்த்தாப்ல."

"போச்சு," என்று நெற்றியில் கை வைத்தார். "தூத்துற மெஷின் துப்புறது பூரா உன் பொட்டிக்குள்ளதான் போவும்."

அவர் மெல்லிய நைலான் வலை ஒன்றை வெட்டித் தந்தார். வலையை விசிறியோடு ஒட்டி வைக்காமல் ஒரு விரல் இடைவெளி விடச் சொன்னார். ஒட்டி வைத்தால் இறக்கை இழுக்கும் காற்று வலையில் மோதியே ஒரு சத்தம் போடுமாம். முன்பக்கத்துக்கு இன்னும் பெரிய விசிறியாக இரண்டு எடுத்துக்கொள், பெரியது மெதுவாகச் சுற்றினாலே போதும் என்றார். எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, பெரிய ரகசியம் போலக் கடைசியாகச் சொன்னார்: "இதுல இன்னொரு வசதி. வேலை இல்லாதப்ப, சூடு கொறைஞ்சதும், சுத்தமா நின்னுடும். அப்புறம் பொட்டி இருக்கறதே தெரியாது."

திரும்பும்போது பஸ்ஸில் அட்டைப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மொழிபெயர்ப்பு நாவல்கள் பிடிக்கும். பனி பெய்யும் ஊர்களில் நடக்கும் தடித்த நாவல்கள். அவற்றில் இரவெல்லாம் பனி விழுந்து, காலையில் ஒரு சத்தமும் இல்லாமல் போய்விடும். மனிதர்கள் அந்த அமைதியைப் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். அவள் பனியைப் பார்த்ததே இல்லை. ஆனால் அப்படி ஒரு தூக்கத்தை அப்பாவுக்கு வாங்கிக்கொண்டு போவதாக நினைத்துக்கொண்டாள்.

விசிறிகளை மாட்டி முடித்த சாயங்காலம் அம்மா அறைக்குள் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"கரண்டு இருக்குல்ல?"

"இருக்கும்மா. ஏன்?"

"இல்ல, ஒன் பெட்டி மூச்சே விடலியே."

வானதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலையை ஏவினால் லேசான ஒரு 'ம்ம்ம்' மட்டும். முடிந்ததும் அதுவும் தேய்ந்து நின்றுவிடும். தமிழரசனுக்கு உடனே போன் போட வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டாள். அவனே வந்து கேட்கட்டும்.

ஆனால் அப்பாவின் தூக்கம் முன்னைவிட மோசமானது.

முன்பு ஒரு மத்தியானத்துக்கு ஒரு முறை திடுக்கிட்டு எழுந்தவர், இப்போது கண் அசந்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்தார். படுத்தார். மறுபடி எழுந்தார். அந்த வாரம் அவளுக்குச் சின்னச் சின்ன வேலைகளாக வந்துகொண்டிருந்தன. ஒன்று முடிந்து அடுத்தது, அது முடிந்து இன்னொன்று. அவள் கொல்லையிலிருந்து வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேக்குதாப்பா?"

"சத்தமே இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

"நெஜமா சொல்லுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"நெஜமாத்தான் சொல்றேன். எனக்கே தெரியல, ஏன் முழிச்சுக்குதுன்னு."

அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மருந்து வாங்கப் போன இடத்தில் பிரஷர் பார்த்தவர்கள் ஏறியிருக்கிறது என்றார்கள். வானதி விசிறிகளின் திருகுகளுக்கு அடியில் ரப்பர் வளையம் வைத்தாள். பெட்டிக்கு அடியில் பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டாள். நைலான் வலையைத் தினமும் கழற்றி அம்மாவிடம் தந்தாள். அம்மா அதைக் குழாயடியில் பிடித்து அரிசி களைவது போல அலசினாள்; பழுப்பு நிறத்தில் தூசும் சுணையும் ஒழுகிப் போயின. சத்தம் குறையக் குறைய அப்பாவின் முகம் இன்னும் வாடியது. ஒருவேளை சத்தமே காரணம் இல்லையோ, உடம்புக்குள் வேறு ஏதாவதோ என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. தமிழரசன் சொன்ன பங்குனி நெருங்கிக்கொண்டிருந்தது. அழைத்துக்கொண்டு போகட்டும், அதுதான் நல்லது என்றுகூட ஒரு மனம் சொன்னது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அவர் எழுந்து உட்கார்ந்திருப்பதைத்தான் எப்போதும் பார்த்திருக்கிறாள். எழுகிற நொடியை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் பெரிய வேலை ஒன்றை ஏவிவிட்டு வெளியே போகாமல், கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் புத்தகம் இருந்தது, படிக்கவில்லை. மேலே சீலிங் ஃபேன் சுற்றியது. மேசைக்கடியில் 'ம்ம்ம்' என்ற ஒரே சீரான ஒலி. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சீக்கிரமே தூங்கிவிட்டார்.

கொள்முதல் நிலையத்துக்கு வந்த லாரி ஹாரனை விடாமல் அடித்தது. அவர் அசையவில்லை. சமையலறையில் அம்மா தாம்பாளத்தைக் கீழே போட்டாள். அது சுற்றிச் சுற்றி அடங்க வெகுநேரம் ஆனது. வானதியே பதறிப் போனாள். அவர் குறட்டைகூட மாறவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இவ்வளவு ஆழமாக அவர் தூங்கி, ஸ்டென்ட் வைத்த பிறகு அவள் பார்த்ததில்லை.

திரையில் படம் முழுமையானது. வேலை முடிந்தது. 'ம்ம்ம்' மெல்ல இறங்கியது, இழுத்தது, நின்றது.

அப்பா எழுந்துவிட்டார்.

கண் முழுதாகத் திறப்பதற்கு முன்பே கால் இரண்டும் கட்டிலுக்குக் கீழே வந்து செருப்பைத் தேடின. வலது கை தலையணைக்குப் பக்கத்தில் எதையோ தடவியது. பட்டப்பகலில், ஜன்னல் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் டார்ச் லைட்டைத் தேடுகிறார் என்பது அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது.

"நின்னுபோச்சா?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"எதுப்பா?"

அவர் அவளைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். கை தானாக நெஞ்சுக்குப் போனது. "ஒண்ணும் இல்ல," என்றார். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "மோட்டார்னு நெனச்சுட்டேன்."

வானதி எழுந்து அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கும் வரை காத்திருந்தாள். அவளுக்கு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது போலவும், இத்தனை நாள் ஏன் விளங்கவில்லை என்று வெட்கமாகவும் இருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்த காலம் முழுக்க, ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில், அப்பா வயலில் மோட்டார் கொட்டகையில்தான் படுத்தார். மோட்டாருக்கான மும்முனைக் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டால் தண்ணீர் பாய்கிறது, தூங்கலாம். நின்றால் எழுந்துகொள்ள வேண்டும். கரண்டு போனதா, ஃபியூஸ் போனதா, தண்ணீர் எடுக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். அப்போது எழாமல் தூங்கினால் நாற்றங்கால் காய்ந்துவிடும்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. கொட்டகைச் சாவியும் கைமாறிவிட்டது. அந்தப் பழக்கம் மட்டும் அவர் உடம்புக்குள்ளேயே இருந்துகொண்டு, இந்த அறையில் ஒரு சத்தம் நிற்கும்போதெல்லாம் அவரை எழுப்பியிருக்கிறது.

சத்தம் ஒன்றும் பண்ணவில்லை என்று அவர் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அது உண்மை. அன்புக்காகச் சொல்லும் பொய் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். "அவரு கொட்டாயில தூங்குனாருன்னு எனக்குத் தெரியும்டி," என்றாள் அம்மா. "எப்படித் தூங்குனாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு வீட்டுல கெடந்தேன்."

அன்று சாயங்காலமே வானதி, விசிறிகள் தானாக நிற்கும் வசதியை எடுத்துவிட்டாள். கூடிக் குறைவதையும் எடுத்துவிட்டாள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். மலிவான விசிறியாக இருந்தால் இது நடக்காது. கடும் வேலைக்குப் போதுமான வேகத்தில் எப்போதும் ஓடவிட்டால் வீடே அதிரும். மீரா உசேன் கொடுத்தவை மெதுவாகச் சுற்றினாலும் ரேடியேட்டர் வழியாகத் தள்ளின. வலை சுத்தமாக இருக்கும் வரை அந்த மெதுவான வேகமே எல்லாச் சூட்டுக்கும் போதும்.

எந்த வேகம் என்று அப்பாவையே கேட்டாள். அவர் முதலில் கூச்சப்பட்டார். பிறகு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பது போலக் கேட்க ஆரம்பித்தார்.

"இது வேண்டாம். தண்ணி எடுக்காம வெத்தா ஓடுற மாதிரி இருக்கு."

அவள் கொஞ்சம் கூட்டினாள்.

"இது பேரிங் போன கேஸு."

"அப்பா, புது விசிறிப்பா இது!"

"எனக்குக் கேக்கறதத்தானே சொல்லணும்? கொஞ்சம் கொற. இன்னும் கொஞ்சம். ம்... ஆங். நில்லு." முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "இதுல தண்ணி பாயுது."

பங்குனியில் தமிழரசன் வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பெரிய காலிப் பையும் கொண்டுவந்திருந்தான், அப்பாவின் துணிகளை வைப்பதற்கு. அறை வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டான்.

"முன்னைக்கு எவ்வளவோ பரவால்ல," என்று தணிந்த குரலில் சொன்னான். "ஆனா இன்னும் கேக்குதே."

"கேக்கணும்."

"என்னது?"

"அது கேக்கணும்ணா."

அவள் திரையில் எதுவும் ஓடவில்லை என்று பார்த்தவன், "வேலைதான் இல்லியே, சும்மா எதுக்கு ஓடுது? அப்பா நிம்மதியா தூங்கட்டும்," என்று குனிந்து பெட்டியை அணைக்கப் போனான். வானதி பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்ன வயதில் ரிமோட்டுக்குச் சண்டை போட்டபோது பிடித்த அதே பிடி. அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். தரையில் உட்கார வைத்து, காதோடு காதாக எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டுவிட்டு அவன் கட்டில் பக்கம் திரும்பினான். "ஆபரேஷன் முடிஞ்சு எங்க வீட்டுல படுத்திருந்தாருல்ல," என்றான். "ராத்திரி எப்ப பாத்தாலும் உக்காந்திருப்பாரு. அப்ப ஹால்ல, ஃப்ரிட்ஜ் பக்கத்துலதான் கட்டில் போட்டிருந்தோம். அது ஓடி ஓடி நிக்கும். புது எடம், அதான் தூக்கம் வரலன்னு நெனச்சோம்."

அப்போது கரண்டு போனது. சீலிங் ஃபேன் வேகம் குறைந்து நின்றது. கொள்முதல் நிலையத்துத் தூற்றும் மெஷினும் நின்றது. ஊரே நின்றது போல இருந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தார்கள். மேசைக்கடியில் யுபிஎஸ் தயவில் 'ம்ம்ம்' மட்டும் மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. வானதி எட்டித் திரையை அணைத்தாள். பேட்டரி இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

அப்பாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அவர் எழவில்லை.

தமிழரசன் சுற்றும் முற்றும் பார்த்து, மேசை மேல் கிடந்த விசிறிப் பெட்டியின் அட்டையைப் பிரித்து எடுத்து, கட்டிலருகே மண்டியிட்டு வீச ஆரம்பித்தான்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றான் வீசிக்கொண்டே. "இந்த மாதிரி ஒண்ணு வாங்கி எங்க வீட்டு ரூம்ல வெச்சா, அங்கயும் தூங்குவாரா?"

தூங்க மாட்டார் என்று வானதி சொல்லிவிடலாம். அவன் நம்புவான்.

"தூங்குவாருன்னுதான் நெனைக்கிறேன்," என்றாள்.

அவன் தலையாட்டினான். அட்டை மேலும் கீழும் போய்வந்தது. "அப்ப பள்ளிக்கூடம் லீவு விட்டதும் கொஞ்ச நாள் வரட்டும். பேரப் பசங்களும் பாத்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான், திருப்பிக் கொண்டாந்து விட்டுடுறேன்." காலிப் பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினான். "பை இங்கயே கெடக்கட்டும். நீயும் ஒன் மோட்டாரத் தூக்கிட்டு வா. எனக்கு இதெல்லாம் பாத்து வாங்கத் தெரியாது."

கரண்டு வந்தது. சீலிங் ஃபேன் கிறீச்சிட்டுக் கிளம்பியது. அண்ணன் வீசுவதை நிறுத்தவில்லை. வெகுநேரம் கழித்து அப்பா தானாகப் புரண்டு, மெதுவாகக் கண் திறந்தார். கால் செருப்பைத் தேடவில்லை. கை எதையும் தடவவில்லை. மகனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"எப்ப வந்தே?" என்றார்.